ஊர் கூடிக் காக்கும் மலை

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சுவிட்சர்லாந்தில் சாக்லேட் அப்போதும் ரேஷனில்தான் கிடைத்தது. 1946ன் தொடக்கத்தில் அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தங்க நிறக் காகிதம் சுற்றிய சாக்லேட் காசுகளைத் தெருத்தெருவாக விற்றார்கள். பற்றாக்குறைக் காலத்திலும் அரசு இதற்கென்று தனியாகச் சாக்லேட் ஒதுக்கிக் கொடுத்தது. ஓர் ஏரியைக் காப்பாற்றத்தான் இத்தனையும். நாட்டின் தென்கிழக்கு மூலையில், எங்காடின் பள்ளத்தாக்கில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சில்ஸ் ஏரி. அதை நீர்த்தேக்கமாக்கி மின்சாரம் எடுக்க அப்போது திட்டம் தயாராக இருந்தது.

பிள்ளைகள் திரட்டிய பணம் எங்கே போனது என்பதுதான் இந்தக் கதையின் உயிர். ஏரித் தண்ணீர் மீதான உரிமை கரையோர ஊர்களுடையது. அணை வந்தால் அந்த ஊர்களுக்கு ஆண்டுதோறும் வருமானம் வரும். மலையில் மாடு வைத்துப் பிழைப்பவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. நகரத்து ஆட்கள் வந்து அழகைக் கெடுக்காதீர்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போயிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். அதற்குப் பதில், ஊர்களுக்கு வரும் இழப்பை நாடே சேர்ந்து ஈடுகட்டியது. 99 ஆண்டுகளுக்கு ஏரியில் மின்திட்டம் வராது என்று ஊர்கள் ஒப்பந்தம் போட்டுக்கொடுத்தன. ஏரி தப்பியது. சாக்லேட் காசு விற்பனை அதன் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் வேறொரு கட்டடத்துக்காக, வேறொரு காட்டுக்காகப் பணம் திரட்டினார்கள்.

தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத நாடு அது. ஆனால் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அதற்கு 13 இடங்கள் இருக்கின்றன. 9 பண்பாட்டுச் சின்னங்கள், 4 இயற்கைச் சின்னங்கள். எண்ணிக்கையைப் பார்த்து வியப்பவர்கள் பலர். எனக்கு வியப்பு, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சம்மதத்தின் மீதுதான். அங்கே கூட்டாட்சி அரசு, 26 மாநிலங்கள், அவற்றுக்குக் கீழே ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். கிராமசபை கூடிக் கை தூக்கினால் ஒரு திட்டம் நிற்கும், தூக்காவிட்டால் விழும். ஆகவே எந்தச் சின்னமும் மேலிடத்து உத்தரவால் மட்டும் அங்கே பிழைத்திருக்கவில்லை. அங்கேயே குடியிருப்பவர்களின் இசைவும், அந்த இசைவுக்கு ஆகும் செலவை ஏற்க மற்றவர்கள் முன்வந்ததும் சேர்ந்துதான் அவற்றைக் காத்திருக்கின்றன.

மூன்று சூரியன்களின் சரிவு

ஜெனீவா ஏரியின் வடகரை. லோசான் நகரின் கிழக்கு எல்லையில் தொடங்கி சில்லோன் கோட்டை வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு மலைச்சரிவு முழுவதும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். இதுதான் லவோ. 11ஆம் நூற்றாண்டு வாக்கில் பெனடிக்டின், சிஸ்டர்சியன் துறவியர் இந்தச் சரிவைத் திருத்திக் கல்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். இங்கே மூன்று சூரியன் என்று சொல்வார்கள். வானத்தில் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் ஒன்று, பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டு இரவில் சூட்டைக் கக்கும் கல்சுவர் ஒன்று. ஷாஸ்லா என்னும் வெள்ளைத் திராட்சை அந்த மூன்று சூட்டிலும் பழுக்கிறது. டிராக்டர் ஏறாத சரிவுகளில் அறுவடைக் கூடைகளை ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சின்ன வண்டிதான் இறக்குகிறது. மழையில் சுவர் சரிந்தால் தோட்டக்காரர்தான் கல்லை எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும்.

ஏரியும் பனிமலையும் எதிரே தெரியும் இடம். லோசான் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டுமனை போட்டால் பொன் விளையும். 1970களில் அந்த ஆபத்து வாசல்வரை வந்துவிட்டது. அப்போதுதான் ஃபிரான்ஸ் வேபர் என்ற பத்திரிகையாளர் களமிறங்கினார். பாரிசில் நிருபராக வேலை பார்த்தவர். எங்காடினில் ஓர் ஏரிக்கரையைக் கட்டடங்களிலிருந்து காக்கும் போராட்டத்தில் 1965ல் இறங்கி, பேனாவோடு நிற்காமல் வாழ்நாள் முழுவதையும் இதற்கே கொடுத்தவர். அவர் கையெழுத்து திரட்டிக் கொண்டுவந்த கோரிக்கையை 1977ல் லவோ இருக்கும் வோ மாநில மக்கள் வாக்களித்து ஏற்றார்கள். லவோவைக் காக்கும் கடமை மாநில அரசியல் சட்டத்திலேயே ஏறியது. பிறகு அந்த மாநிலம் புதிய அரசியல் சட்டம் எழுதியபோது வேபர் மறுபடி மக்களிடம் போனார். 2005லும் மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். 2007ல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் சட்டம், கடைசியில்தான் பட்டம்.

2014ல் அவர் மூன்றாம் முறை போனபோது மக்கள் மறுத்தார்கள். கட்டுப்பாட்டை இன்னும் இறுக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. திராட்சைக்காரர்கள் பலரே அதை எதிர்த்தார்கள். தொழில் நடத்தச் சிறு கொட்டகை போடக்கூட வழியில்லாமல் போனால் தோட்டத்தை யார் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. மாநில அரசு முன்வைத்த சற்று இளக்கமான மாற்றுத் திட்டம் வென்றது. வேபர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2012ல் எந்த ஊரிலும் விடுமுறைக்கால இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற அவருடைய கோரிக்கையை நாடே வாக்களித்து ஏற்றது. வெறும் 50.6 சதவீதம் ஆதரவு, ஆனாலும் சட்டம் ஆனது. ஆண்டுக்கு ஐம்பது வாரம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் மலையூர்களை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஒரு வாக்கெடுப்பு செய்த நன்மை பெரிது. ஆனால் லவோவின் மூன்றாம் வாக்கெடுப்பில் நான் திராட்சைக்காரர்கள் பக்கம். சுவரை அடுக்கும் கை ஊரை விட்டுப் போய்விட்டால் சட்டப் புத்தகம் வந்து கல் அடுக்காது. வேபர் 2019ல் காலமானார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறும் பாரம்பரியம்

சுவிஸ் மலைகளில் ஓடும் ரேத்தியன் ரயில்வேயின் அல்புலா, பெர்னினா பாதைகள் இரண்டும் சேர்ந்து 128 கிலோமீட்டர். 196 பாலங்கள், 55 சுரங்கங்களும் மூடுபாதைகளும். அல்புலா பாதை 1904ல் முழுமையடைந்தது. பெர்னினா 1910ல். லாண்ட்வாசர் என்ற கல்பாலத்தின் படத்தை நாட்காட்டிகளிலாவது பார்த்திருப்பீர்கள். 65 மீட்டர் உயரம், ஆறு வளைவுகள். பாலமே வில்லாக வளைந்து போய், செங்குத்துப் பாறையின் நெற்றியில் இருக்கும் சுரங்கத்துக்குள் ரயிலை நேராக நுழைக்கிறது. பெர்னினா ரயில் 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறி, இத்தாலியின் திரானோ நகரில் 429 மீட்டருக்கு இறங்குகிறது. இதற்குப் பல்சக்கரம் எதுவும் கிடையாது. இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் ஒன்றையொன்று பற்றும் பிடிப்பில் மட்டுமே ஏறுகிறது.

பல்சக்கரம் பிடித்து ஏறும் சுவிஸ் தொழில்நுட்பம் நம் ஊரிலேயே இருக்கிறது. கல்லாறு தாண்டியதும் நீலகிரி மலை ரயில் பற்றி ஏறும் பல்தண்டவாளம் ரோமான் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை. குன்னூர் வரை தள்ளிக்கொண்டு போன பழைய எக்ஸ் ரக நீராவி எஞ்சின்கள் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் பிறந்தவை. இரண்டு பாதைகளும் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்தான். நீலகிரிக்கு 2005லும் ரேத்தியனுக்கு 2008லும் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது.

ரேத்தியன் ரயிலில் உலகமெங்கும் இருந்து வரும் சுற்றுலாப் பயணிகள் ஏறுகிறார்கள். அதே பாதையில் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள், அலுவலகம் போகிறவர்கள் போகிறார்கள், சரக்கும் போகிறது. அதனால்தான் அந்தப் பாலங்களுக்குப் பராமரிப்புப் பணம் குறையாமல் வருகிறது. நூறாண்டு பழைய அல்புலா சுரங்கம் சீர்கெட்டபோது பொறியாளர்கள் அதற்குப் பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே நீளத்தில், ஏறக்குறைய 5.9 கிலோமீட்டருக்குப் புதுச் சுரங்கம் தோண்டினார்கள். 2024ல் திறந்தார்கள். பழையது ஆபத்துக் காலத்தில் பயணிகள் தப்பிக்கும் வழியாகப் பணியைத் தொடர்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னத்துக்குள் புதுச் சுரங்கமா என்று புருவம் உயர்த்துகிறவர்கள் உண்டு. ரயில் ஓடாத தண்டவாளத்துக்கு என்ன பாரம்பரியம்?

நாட்டின் வடகிழக்கில் செயின்ட் காலென் மடத்து நூலகத்துக்கும் இதே தொடர்ச்சி உண்டு. 1805ல் மடத்தையே கலைத்துவிட்டார்கள், நூலகம் மட்டும் கைவிடப்படவில்லை. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள். 9ஆம் நூற்றாண்டில் தோலில் வரைந்த மடாலயக் கட்டட வரைபடம் ஒன்று, மருந்துச்செடித் தோட்டம் முதல் கோழிக்கூண்டு வரை குறித்துக்காட்டி, அப்படியே இருக்கிறது. தரைப்பலகை தேயாமல் இருக்கப் பார்வையாளர்கள் காலணிமேல் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கிழக்கெல்லையில் முஸ்டேர் மடத்தில் கி.பி. 800 வாக்கில் தீட்டிய சுவரோவியங்கள் பிற்காலப் பூச்சுக்கு அடியில் நூற்றாண்டுகளாகக் கிடந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் முழுதாக வெளியே வந்தன. கன்னியாஸ்திரீகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

கல்லிலும் ஒரு பாரம்பரியம் உண்டு. கிளாருஸ் மலைகளில் சார்டோனா என்ற பகுதியில் பாறைச்சுவரின் குறுக்கே கோடு கிழித்த மாதிரி ஒரு பிளவு தெரியும். கோட்டுக்கு மேலே இருக்கும் பாறைக்கு வயது 25 கோடி ஆண்டுக்கு மேல். கீழே இருப்பது சுமார் 5 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. கிழவர் மேலே, குழந்தை கீழே. இது எப்படி என்று 19ஆம் நூற்றாண்டு முழுக்க வாதம் நடந்தது. ஆர்னால்ட் எஷர் என்ற சுவிஸ் நிலவியலாளருக்கு உண்மை தட்டுப்பட்டிருந்தது. ஒரு பெரும் பாறைத்தட்டே நகர்ந்து வந்து மேலே ஏறியிருக்க வேண்டும். ஆனால் உலகம் நம்பாது என்று அஞ்சி, இரு பக்கமிருந்தும் மடிந்த மடிப்பு என்று வேறு விளக்கம் சொன்னார். 1884ல் மார்செல் பெர்ட்ராண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த இடத்துக்குப் போகாமலே, பிறர் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, ஒரே தட்டுதான் ஏறியது என்று எழுதினார். மலைகள் பிறக்கும் விதத்தைப் பற்றிய அறிவு அந்தக் கோட்டிலிருந்து பெரிதாக வளர்ந்தது. 2008ல் அது இயற்கைச் சின்னமானது.

யாரும் கை வைக்காத காடு

பயன்பாட்டால் பிழைக்கும் இடங்களைச் சொன்னேன். பயன்பாட்டையே தடுத்துக் காக்கும் இடமும் அங்கே ஒன்று உண்டு. 1914 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிறந்த சுவிஸ் தேசியப் பூங்கா, ஆல்ப்ஸ் மலைகளிலேயே முதல் தேசியப் பூங்கா. இதன் தொடக்கமும் ஓர் ஊரோடு போட்ட ஒப்பந்தம்தான். 1909ல் செர்னெட்ஸ் ஊராட்சியிடமிருந்து குளுவோட்சா பள்ளத்தாக்கைக் குத்தகைக்கு எடுத்தார்கள். செலவுக்கு, ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு ஃபிராங்க் என்று சங்கம் வைத்துத் திரட்டினார்கள். சுமார் 170 சதுர கிலோமீட்டர். உள்ளே போகிறவர்கள் குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது. பூப்பறிக்கக் கூடாது. நாய் கூடாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்கும். 1904ல் அந்த வட்டாரத்தில் நாட்டின் கடைசிக் கரடியைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பிறகு 1920ல் ஐபெக்ஸ் என்ற காட்டு ஆட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆட்டுக்குட்டியைத் தூக்கிப்போகும் என்ற பொய்ப்பழி சுமந்து அழிந்துபோன தாடிக் கழுகை 1991 முதல் இங்கே திரும்ப விட்டார்கள். எலும்பைத் தின்று வாழும் அந்தப் பறவை இப்போது ஆல்ப்ஸ் வானில் மறுபடி வட்டமிடுகிறது.

பூங்காவைப் பெரிதாக்க 2000ல் யோசனை வந்தபோது செர்னெட்ஸ் மக்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். விரிவு நின்றது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் மறுக்கும் உரிமை இருந்ததால்தான் முதலில் கொடுத்த இசைவுக்கு மதிப்பு. பூங்காவின் காவலிலும் ஓட்டை விழுந்தது. 1958ல் நாடு வாக்களித்து அனுமதித்த மின்திட்டத்தால் பூங்காவுக்குள் ஓடும் ஸ்பூல் ஆற்றின் தலையில் அணை வந்தது. 2016ல் அந்த அணையில் நடந்த பராமரிப்புப் பணியின்போது பழைய துருத்தடுப்புப் பூச்சிலிருந்த பிசிபி நச்சு ஆற்றில் கலந்தது. ஆற்றைத் துப்புரவாக்கும் செலவு யாருடையது என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

இப்படி வழக்குப் போட முடிவதும் ஒரு பாதுகாப்புத்தான். 1966ல் வந்த இயற்கை, பண்பாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நாடு தழுவிய இயற்கை அமைப்புகளுக்கு மேல்முறையீட்டு உரிமை கொடுத்தது. மரத்துக்காகவும் சதுப்புக்காகவும் அவர்கள் நீதிமன்றம் போகலாம். அந்த உரிமையை வெட்டிக் குறைக்க 2008ல் நடந்த வாக்கெடுப்பை மக்கள் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தோற்கடித்தார்கள்.

பனியிடம் யார் ஒப்பந்தம் போடுவது?

ஊர் ஒப்புக்கொண்டாலும் காக்க முடியாத ஒன்று இருக்கிறது. ஆல்ப்ஸிலேயே பெரிய பனியாறு அலெட்ஷ். நீளம் சுமார் 20 கிலோமீட்டர். கொன்கார்டியா என்னுமிடத்தில் பனியின் ஆழம் சுமார் 800 மீட்டர். இந்தப் பனியாற்றை நடுவில் வைத்துத்தான் 2001ல் ஆல்ப்ஸின் முதல் இயற்கைப் பாரம்பரியச் சின்னம் அறிவிக்கப்பட்டது. 2007ல் அதை விரிவாக்கி 824 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள்.

இந்தப் பனியாற்றுக்குக் கீழே ஃபீஷ், ஃபீஷர்தால் என்று இரண்டு கத்தோலிக்க ஊர்கள். 17ஆம் நூற்றாண்டில் பனி பெருகிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பனியின் ஓரத்தில் தேங்கிய மேர்யெலென் ஏரி அவ்வப்போது உடைத்துக்கொண்டு வந்து வயலை வாரிப்போனது. 1678ல் ஊரார் கூடி, நல்வழியில் நடப்போம், பனி வளராமல் காத்தருள வேண்டும் என்று நேர்ந்துகொண்டார்கள். 1862 முதல் ஆண்டுதோறும் அதற்காக ஊர்வலமும் போனார்கள். காலம் மாறியது. பனி வளரவில்லை, உருகியது. வளரக் கூடாது என்று வேண்டிய வாயால் வளர வேண்டும் என்று வேண்ட நினைத்தார்கள். முன்னோர் செய்த நேர்ச்சையைத் தாங்களாக மாற்ற அவர்களுக்கு மனமில்லை, முறையும் இல்லை. வத்திக்கானுக்கு மனுப்போட்டார்கள். 2010ல் அனுமதி வந்தது. இப்போது பனியாறு நிலைக்க வேண்டும் என்று பிரார்த்திக்கிறார்கள்.

அளவுகள் கொடூரமானவை. சுவிஸ் பனியாறுகள் 2022ல் தம் கொள்ளளவில் 6 சதவீதத்தையும் 2023ல் 4 சதவீதத்தையும் இழந்தன. 1960 முதல் 1990 வரை முப்பதாண்டுகளில் போனது இரண்டே ஆண்டில் போயிற்று. அலெட்ஷைப் பற்றி விஞ்ஞானிகள் 2019ல் வெளியிட்ட கணக்கு இன்னும் கசப்பானது. இன்றைய வெப்பநிலை இனி ஏறாமல் அப்படியே நின்றாலும் நூற்றாண்டின் முடிவுக்குள் பனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கரியமில வாயு இப்போதுபோலவே பெருகினால் அங்கங்கே சில பனித்திட்டு மட்டும்தான் மிஞ்சும்.

2025 மே 28 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அலெட்ஷ் பாரம்பரியச் சின்னத்தின் தொடக்கப் பெயரிலேயே பீட்ஷ்ஹார்ன் என்ற சிகரம் இருந்தது. அதன் வடக்குச் சரிவில் பிர்ஷ் என்ற பனியாறு. மேலே மலை உடைந்து அதன்மேல் பாறைகள் குவிந்துகொண்டே வந்தன. கண்காணித்துக்கொண்டிருந்தவர்கள் எச்சரித்தார்கள். மே 19ஆம் தேதியே பிளாட்டன் ஊரின் சுமார் 300 பேரையும் அவர்கள் மாடுகளையும் வெளியேற்றினார்கள். ஒன்பது நாள் கழித்துப் பனியும் பாறையும் சேர்ந்து இறங்கி ஊரில் பத்தில் ஒன்பது பங்கைப் புதைத்தன. தடைபட்ட லோன்சா ஆறு ஏரியாகத் தேங்கி மீந்த வீடுகளையும் மூழ்கடித்தது. ஒருவர் உயிரிழந்தார். நூற்றாண்டுகளாக வெயிலில் கறுத்த லார்ச் மரவீடுகள் ஒரு நிமிடத்துக்குள் போயின. ஊரார் அதே பள்ளத்தாக்கில் ஊரைத் திரும்பக் கட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

பனியைக் காக்கக் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும். 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் சட்டத்தை 2023 ஜூனில் நாடு 59 சதவீத வாக்கால் ஏற்றது. அப்படியானால் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் பதில் மின்சாரம் வேண்டும், அந்த மின்சாரம் மலையிலிருந்து வர வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில், அலெட்ஷ் இருக்கும் வாலே மாநிலத்தில், உயர்மலைகளில் பெரிய சூரியமின் பண்ணைகளுக்கு விரைவு அனுமதி தரும் ஆணை வாக்கெடுப்புக்கு வந்தது. மக்கள் 54 சதவீத வாக்கால் மறுத்தார்கள். மேய்ச்சல் நிலம் கண்ணாடிப் பலகைகளால் நிறைவதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

பெர்ன் மாநிலத்திலும் இதே மோதல், இரண்டு இடங்களில். ஒன்று, அலெட்ஷ் பாரம்பரியச் சின்னத்தின் விளிம்பில் இருக்கும் கிரிம்செல் அணையை 23 மீட்டர் உயர்த்தும் திட்டம். உயர்த்தினால் கரையிலிருக்கும் பழம்பெரும் அர்வென் பைன் மரங்களும் சதுப்பும் மூழ்கும். பல ஆண்டுகளாக அது நீதிமன்றப் படி ஏறி இறங்கியிருக்கிறது. இன்னொன்று திரிஃப்ட். அங்கே பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில் புதிதாக ஓர் ஏரியே பிறந்தது. மலைவிடுதிக்குப் போகிறவர்கள் முன்பு பனிமேல் நடந்து கடந்த இடம் இல்லாமல் போய், 2004ல் தொங்குபாலம் கட்ட வேண்டியதாயிற்று. அந்த ஏரியில் புதிய அணை கட்டி நீர்மின்சாரம் எடுக்கத் திட்டம். நாட்டின் பெரிய இயற்கை அமைப்புகளில் சில, பருவநிலையை எண்ணி ஒப்புக்கொண்டன. சிறிய அமைப்புகள் சில எதிர்த்து நிற்கின்றன. இரு பக்கத்திலும் மலையை நேசிப்பவர்கள்தான் இருக்கிறார்கள்.

எனக்கு அங்கே வாக்கு இருந்தால் கிரிம்செல் அணையை உயர்த்தச் சம்மதிப்பேன். அங்கே மனிதன் ஏற்கெனவே கை வைத்துவிட்டான், அர்வென் மரங்களின் இழப்பைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். திரிஃப்டை விட்டுவிடச் சொல்வேன். நெடுங்காலம் பனிக்கு அடியில் இருந்த தரை அது. வெயில் பட்டு, பாசியும் முதல் செடிகளும் இப்போதுதான் அங்கே வேர்பிடிக்கின்றன. வருங்காலத்துக்கு அங்கே என்ன வளரும் என்று பார்க்கும் வாய்ப்பை, மின்சாரத்துக்கு விற்க எனக்கு மனம் வரவில்லை.